எட்டு வாரச் சீன வகுப்பு: வாசகர் கேள்வி பதில்

கே: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெளிநாட்டில் எட்டு வாரக் கோடைச் சீன வகுப்பில் சேர ஆசை. ஓர் எழுத்துகூடத் தெரியாமல் போகலாமா?
(மாணவி, தக்கலை)

ப: சேர்த்துக்கொள்வார்கள், ஆனாலும் அப்படிப் போகாதீர்கள். தீவிர வகுப்பில் காலையில் நாலு மணி நேரம் பாடம், மதியம் தனிப் பயிற்சி, மறுநாள் காலை டிக்டேஷன். கல்லூரியில் ஓராண்டு நடத்தும் பாடத்தை எட்டு வாரத்தில் முடிப்பார்கள். முதல் வாரம் உச்சரிப்போடு மல்லுக்கட்டினால், மீதி ஏழு வாரமும் பின்னால் ஓட வேண்டியதுதான்.

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். தினம் ஒரு மணி நேரம் போதும். சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின், குரலின் ஏற்ற இறக்கமான நான்கு தொனிகள், 150 அடிப்படைச் சொற்கள் கைவசம் இருக்கட்டும். எழுத்துகளைப் படம்போல் உருப்போடாமல் பிரித்துப் பாருங்கள். ஆறு, ஏரி, கடல் மூன்றின் எழுத்திலும் இடப்பக்கம் மேலே இரண்டு புள்ளி, கீழிருந்து மேலே தெறிக்கும் ஒரு கீற்று இருக்கும். அது தண்ணீரின் குறி.

பலர் மறக்கும் விஷயம் ஒன்று. நமக்கு விடுமுறை ஏப்ரல், மே. அங்கே வகுப்பு பெரும்பாலும் ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். இங்கே கல்லூரி திறந்துவிடும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

கே: தமிழ் நாக்குக்குச் சீன உச்சரிப்பு வராது என்கிறார்களே, உண்மையா? மகள் பயப்படுகிறாள்.
(தாயார், மார்த்தாண்டம்)

ப: பயமே வேண்டாம் என்று சொல்லுங்கள். மனிதனைக் குறிக்கும் சீனச் சொல்லைப் பின்யினில் ஆங்கில 'ஆர்' போட்டு எழுதுவதால் பிள்ளைகள் 'ரென்' என்கிறார்கள். 'பழம்' சொல்லும்போது நாக்கு மடங்கும் இடத்திலேயே நிறுத்தி 'ழென்' என்றால் ஏறக்குறைய சரியாக வந்துவிடும். உலகில் பலர் திணறும் ஒலி நமக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது.

நாம் தடுமாறுவது மூச்சில். 'பாவ்' என்பதை மூச்சு விடாமல் சொன்னால் வயிறு நிறைந்தது. மூச்சைத் தள்ளிச் சொன்னால் ஓடுவது. நம் 'பால்' மூச்சில்லாத ஒலி. உதட்டுக்கு இரண்டு விரல்கடை தள்ளி ஒரு துண்டுத் தாளைப் பிடித்துப் பழகட்டும். முதல் சொல்லுக்குத் தாள் சும்மா இருக்க வேண்டும், இரண்டாவதற்கு ஆட வேண்டும்.

தொனியில் வரும் பிழைக்கும் காரணம் தமிழேதான். கேள்வி என்றால் 'வந்தியா?' என்று கடைசியில் குரலை ஏற்றுகிறோம். சீனத்தில் குரல் மாறினால் சொல்லே மாறிவிடும். 'மாய்' தாழ்ந்து எழுந்தால் வாங்குவது, வெட்டென்று இறங்கினால் விற்பது, ஏறினால் புதைப்பது! கேள்விக்கென்று கடைசியில் 'மா' என்றொரு சொல் தனியே இருக்கிறது. கேள்வி கேட்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். சொல்லின் தொனியில் கைவைக்க வேண்டாம். தாழ்ந்து எழும் சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் மட்டும் முதல் சொல் ஏறும். வணக்கம் சொல்லும் 'நீ ஹாவ்' அப்படித்தான்.

கே: சீனாவா, தைவானா?
(மாணவர், குளச்சல்)

ப: சீனப் பெருநிலத்தில் எளிமையாக்கிய எழுத்து, தைவானில் பழைய எழுத்து. 'உடம்பு' என்ற எழுத்துக்குச் சீனாவில் 7 கோடு, தைவானில் 23. தொழிற்சாலைகளோடு வியாபாரம் செய்ய என்றால் சீனாவுக்கே போங்கள். 180 நாளுக்கு உட்பட்ட படிப்புக்கு எக்ஸ்-2 விசா. விடுதிக்கு வெளியே வீடெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். வாட்ஸ்அப் அங்கே முடக்கப்பட்டிருக்கிறது. சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலிக்கு இந்தியாவில் 2020 முதல் தடை. அதனால் வீட்டாரோடு பேசும் வழியைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தைவானுக்கு விசா வேலையைச் சென்னையிலேயே முடிக்கலாம். அவர்களின் அலுவலகம் 2012 முதல் அங்கே இயங்குகிறது. தைவான் கல்வி அமைச்சகத்தின் ஹுவாயு உதவித்தொகைக்கு வாரம் குறைந்தது 15 மணி நேர வகுப்பு கட்டாயம். விமானக் கட்டணத்தை அவர்கள் தரமாட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட் அங்கே சூறாவளிக் காலம். கடைசித் தேர்வன்று இரவே திரும்பும் டிக்கெட் போடாமல், இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.