வீட்டுத் தோட்டத்துக்கு விதை வாங்கியே காசு கரைகிறது, செலவைக் குறைக்க வழி உண்டா?

கேட்டவர் ஆடிக்கும் தைக்கும் புதுசு புதுசாகப் பாக்கெட் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பின்கட்டில் கொஞ்சம் மண், மொட்டைமாடியில் பைகள். கீரை, கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை, சுரை, பீர்க்கு எல்லாமே சொந்த விதையில்தான் வருகின்றன. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பாக்கெட்டைப் பாருங்கள். எப்1, ஹைப்ரிட், வீரிய ஒட்டு என்று போட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது. காய் ஒன்று ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வைப்பது இதுதான். நாட்டு ரகமோ, வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ஒட்டு அல்லாத சாதாரண ரகமோ வாங்கினால் ஒரு தடவை செலவோடு சரி. பண்ருட்டிப் பக்கம் பாலூரில் இருக்கும் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர். 1 கத்தரியும், பெரியகுளம் பி.கே.எம். 1 தக்காளியும் அப்படிப்பட்டவை. விதை எடுத்து மறுபடி போடலாம்.

அடுத்து, எப்போது விதை எடுப்பது என்பது. நம் ஊருக்கு இதுதான் முக்கியம் என்பேன். ஆடிப்பட்டத்தில் போட்டது முற்றும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும். காய் கொடியிலேயே அழுகும், பறித்த விதையும் காயாது. அதனால் ஆடிப்பட்டத்துக் காயைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, தைப்பட்டத்துச் செடியில் விதைக்கு விடுங்கள். பங்குனி, சித்திரையில் முற்றி நன்றாகக் காயும். ஆடிக்கு மூன்று மாதம், அடுத்த தைக்கு ஒன்பது மாதம் பத்திரப்படுத்தினால் போதும், கடற்காற்றின் ஈரத்தில் வருஷக்கணக்காக விதையைக் காப்பாற்றும் பாடு கிடையாது.

கடைசியில் மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விடாதீர்கள். இருப்பதிலேயே திடமான செடியில், நடுவில் காய்த்த நல்ல காயில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் தெரியாமல் பறித்துவிட மாட்டார்கள். கத்தரி நிறம் மாறி மஞ்சளாகும் வரை செடியிலேயே இருக்கட்டும். பிறகு அறுத்துத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். தக்காளியில் விதையைச் சுற்றி வழவழப்பு இருக்கும், முளைப்பைத் தடுப்பதே அதுதான். சதையோடு ஒரு டம்ளரில் போட்டு ஒன்றிரண்டு நாள் வைத்தால் மேலே வெள்ளையாகப் படலம் கட்டும். அப்புறம் அலசித் தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். சுரையும் பீர்க்கும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும்.

சுரை, பீர்க்கு, பூசணி வகைகளில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்து வீட்டில் வேறு ரகச் சுரை இருந்தால் மகரந்தம் கலந்துவிடும். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். அன்று மதியமே, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் மொட்டையும் ஓர் ஆண் மொட்டையும் நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். சாயங்காலம் அவிழ்த்து, ஆண்பூவைப் பெண்பூவில் தடவி, திரும்பக் கட்டுங்கள். அந்தக் காய் மட்டும் விதைக்கு. எந்த விதையில் வந்த சுரையாக இருந்தாலும், கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், கசப்புச் சுரை உடம்புக்கு ஆகாது. தக்காளிக்கும் அவரைக்கும் இந்த வேலை அநேகமாகத் தேவைப்படாது.

எல்லாவற்றையும் நிழலில் காயவிடுங்கள். சுரை விதையை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, இறுக்கமாக மூடும் பாட்டிலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் தாராளமாகப் போடலாம்.

மளிகைச் சாமானிலும் விதை இருக்கிறது. கொத்தமல்லிக்குத் தனியாவை இரண்டாக உடையுமாறு தேய்த்துப் போடுங்கள். வெந்தயம், தட்டைப்பயறு, சின்ன வெங்காயம் அப்படியே வரும். புதினாவுக்கும் பசலைக்கும் தண்டு போதும். முருங்கைக்குப் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, ஒன்று கேட்டால் தெருவில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் இவற்றுக்கு மட்டும் கடைதான் வழி. விதை கட்ட குளிர் வேண்டும், கடலூர் வெயிலில் அது நடக்காது. ஒரு பாக்கெட் வாங்கி நாலு வீட்டில் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.