பதில்: விரால் தொட்டியை விட்டுக் குதிக்கிறது

வண்டியூர்க் கண்மாயில் பிடித்த விரால், உங்கள் மூன்றடித் தொட்டியில் இருந்த கெண்டைகளைத் தின்றுவிட்டு இரண்டு முறை தரையில் விழுந்து கிடந்ததாகச் சொல்கிறீர்கள். ஆக்சிஜன் போதவில்லையோ என்பது உங்கள் சந்தேகம்.

ஏர் பம்பை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். அந்த வழியை அடைத்தால், நல்ல தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரையடி இடம் விட்டு நிரப்புங்கள். ஓட்டையுள்ள மூடி போட்டு, மேலே கனமாக எதையாவது வையுங்கள். நான் ஒரு செங்கல் வைத்தேன், அதையும் நகர்த்தியது! கண்மாய் வற்றினால் ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போகிற சாதி, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்புறம், அது பயந்த மீனும்கூட. மூன்று பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டி, மேலே கொஞ்சம் ஆகாயத்தாமரை மிதக்கவிட்டால் குதிப்பது பெரும்பாலும் குறையும்.

துணைக்கு வேறு மீன் எதையும் விடாதீர்கள். தீனிக்கு மண்புழு, உரித்த இறால், நறுக்கிய மீன் போதும். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள்.

நன்றாக வளர்ந்தால் இரண்டடியைத் தொடும். அது உடலைத் திருப்பவே தொட்டிக்கு இரண்டடிக்கு மேல் அகலம் வேண்டும், நீளம் ஆறடி. மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டுவதாக இருந்தால் நிழல் முக்கியம், சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும். இப்போது எத்தனை அங்குலம் இருக்கிறது?