எங்கே போட்டாலும் ஓடும் பைனரி

வணக்கம் சார்,

எங்கள் குழு சி-யில் எழுதிய புரோகிராமை டெபியன் லினக்ஸ் சர்வர்களுக்காக பேக்கேஜ் செய்கிறேன். அதற்கு வேண்டிய லைப்ரரிகளான ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்கத்துக்கு), இசட்லிப் (டேட்டாவைச் சுருக்க) இரண்டையும் ஸ்டாட்டிக்காக, அதாவது ஓடும் பைனரி ஃபைலுக்குள்ளேயே பிரதியாகச் சேர்த்துவிட்டேன். ஒரே ஃபைல், எங்கே போட்டாலும் ஓடுகிறது. சீனியரோ, சர்வரில் ஒரே இடத்தில் இருந்து எல்லா புரோகிராம்களும் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு லைப்ரரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். டிஸ்க் இவ்வளவு மலிந்த காலத்தில் இது தேவையா? வேகமும் குறையுமே?

ம.

அன்புள்ள ம.,

வேகத்தை விடுங்கள், உங்கள் புரோகிராமில் அது தெரியப்போவதில்லை. டிஸ்க் கணக்கும் எனக்கு வேண்டாம். ‘எங்கே போட்டாலும் ஓடுகிறது’ என்கிறீர்களே, அந்தப் பெருமைதான் என்னைச் சீண்டியது. உள்ளே இருக்கும் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை என்று வெளியே தெரிந்த மறுநாளும் அது அப்படியே ஓடும் ஐயா!

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோது சில சர்வர்கள் என் பொறுப்பில் இருந்தன. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாமே ஓட்டை. வெளியிலிருந்து கேட்கிறவனுக்கு சர்வர் தன் மெமரியை 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுக்கும், கேட்கக் கேட்கக் கொடுக்கும். டெபியன் உடனே ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஷேர்டு லைப்ரரியான லிப்எஸ்எஸ்எல்லைத் திருத்தி வெளியிட்டது. அந்த ஒரு பேக்கேஜை மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் வெப், மெயில் எல்லாவற்றிலும் ஓட்டை அடைபட்டது. (கசிந்திருக்கக்கூடிய குறியாக்கச் சாவிகளை மாற்றிய கூத்து தனி.) ஒன்றே ஒன்று மிச்சம்: வெளியாள் எழுதிக் கொடுத்த ஸ்டாட்டிக் பைனரி. சோர்ஸ் எங்களிடம் இல்லை. உள்ளே ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எந்தப் பதிப்பு என்று, பைனரிக்குள் இருக்கும் எழுத்துகளைக் காட்டும் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கமாண்டால் துழாவிக் கண்டுபிடித்தோம். எழுதியவர் ஃபோனை எடுக்கவில்லை. போர்ட்டை அடைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

2002-இல் இசட்லிப்பில் ஓட்டை வந்தபோதும் இதே கதைதான். லைப்ரரியைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. ஃபைல்களைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் மாதிரி தனக்கென்று ஒரு பிரதியை உள்ளே வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில், வெப்பி வகைப் படங்களைக் கையாளும் லிப்வெப்பி லைப்ரரியில் ஓட்டை. குரோம் சட்டென்று திருத்திக்கொண்டது. குரோமின் அடிப்படையை ஆப்புக்கு ஒரு பிரதியாக உள்ளே வைக்கும் எலக்ட்ரானில் கட்டிய ஆப்களோ, அவரவர் புதுப் பதிப்பு விடும்வரை ஓட்டையோடுதான் ஓடின. இன்னும் எத்தனை தடவை பட்டால் புத்தி வரும்?

எக்ஸ்இசட் என்ற சுருக்கும் லைப்ரரிக்குள் ஒருவர் திட்டமிட்டே கள்ள வாசல் வைத்த விவகாரத்தைக் காட்டி வாதாட வராதீர்கள், அது வேறு வழக்கு.

ஷேர்டுக்கு மாறிவிட்டுத் தூங்கிவிடவும் கூடாது. லைப்ரரியைப் புதுப்பித்தாலும், ஏற்கெனவே ஓடுகிற புராசஸ் பழையதையேதான் பிடித்துக்கொண்டிருக்கும். அப்டேட் போட்டாச்சு என்று பச்சை டிக் அடித்துவிட்டு, ஓட்டையோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரீஸ்டார்ட் செய்யுங்கள். எதையெல்லாம் என்று நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி சொல்லும்.

ஆசையாகக் கட்டியதைப் பிரிக்க மனம் வராது, தெரியும். ஸ்டாட்டிக்தான் என்று நிற்பதாக இருந்தால், உள்ளே எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று எழுதி பேக்கேஜோடு வையுங்கள். உங்கள் ஃபோன் நம்பரையும் எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அடித்தாலும் எடுக்க வேண்டும்.