50 மீட்டர்னு போட்டிருக்கு, ஆனா கை கழுவவே பயமா இருக்கு

கேள்வி: சார், ரொம்ப வருஷம் காசு சேத்து வச்சு நாலு வருஷம் முன்னாடி ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கினேன். பின் மூடியில 50 மீட்டர்னு இருக்கு. தினமும் கட்டணும்னுதான் வாங்கினேன், ஆனா தண்ணி உள்ள போயிடுமோனு பயந்து கை கழுவறதுக்குக் கூட கழட்டி வாஷ்பேசின் ஓரத்துல வச்சிடறேன், மழை தூறினா பாக்கெட்டுக்குள்ள போயிடும். போன வாரம் மறந்துபோய் கட்டிக்கிட்டே சுடுதண்ணில குளிச்சிட்டேன், அன்னைக்கு ராத்திரி பூரா எழுந்து எழுந்து கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருந்தேன். தினமும் கட்டலாமா, இல்ல பெட்டியிலயே வச்சிடட்டுமா?

பதில்: கட்டுங்க, தினமும் கட்டுங்க. ஆனா மொதல்ல அந்த வாஷ்பேசின் ஓரத்துல வைக்கிற பழக்கத்த விட்டுடுங்க, அதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. ஈரக் கையால ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ கழட்டி மாட்டுறீங்க, ஒரு தடவ வழுக்கி தரையில விழுந்தா கண்ணாடி போகலாம், உள்ள முன்னும் பின்னும் ஆடி நேரத்த அளக்கற பேலன்ஸ் வீலத் தாங்குற மெல்லிசான அச்சு முறியலாம். குழாய்த் தண்ணில கை கழுவறதால நல்லா இருக்கற 50 மீட்டர் வாட்சுக்கு ஒண்ணும் ஆகாது. மழைக்கும் அப்படித்தான்.

அந்த 50 மீட்டர்ங்கறத கொஞ்சம் சொல்லிடறேன். 10 மீட்டர் தண்ணி ஆழம்னா கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம், அப்போ 50 மீட்டர்னா 5 பார். லேப்ல, அசையாம வச்சு, புது வாட்ச்ல பாத்த கணக்கு இது, 50 மீட்டர் ஆழத்துக்கு குதிக்கலாம்னு அர்த்தம் இல்ல. சாதா வாட்சுக்கு ஐஎஸ்ஓ 22810னு ஒரு தரம், டைவிங் வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425னு தனியா ஒண்ணு. இந்த ரெண்டாவதுல ஒவ்வொரு வாட்சையும் போட்டிருக்கற அளவ விட 25 சதவீதம் கூட அழுத்தம் குடுத்துப் பாக்கணும், மொதல்லதுல அப்படி ஒண்ணொண்ணாப் பாக்கணும்னு கட்டாயம் இல்ல. தண்ணிக்குள்ள கைய வீசினா அழுத்தம் பல மடங்கு ஏறிடும்னு சொல்லுவாங்க, கணக்குப் போட்டுப் பாத்தா அவ்வளவு வராது, வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல வீசினாக் கூட ஒண்ணேகால் மீட்டர் ஆழம் கூடின மாதிரிதான்.

அப்புறம் எப்படி 50 மீட்டர் வாட்ச் சமையல்கட்டு சிங்க்லயே தண்ணி குடிக்குதுன்னா, ரெண்டு காரணம். ஒண்ணு கேஸ்கெட், பின் மூடிலயும் கண்ணாடிக்கு அடியிலயும் க்ரௌன்லயும் (நேரம், தேதி மாத்த பக்கவாட்டுல இருக்கற திருகு) இருக்கற ரப்பர் வளையம். வியர்வை, சோப்பு, வாசனைத் திரவியம், நீச்சல் குளத்து குளோரின் எல்லாம் சேந்து வருஷக்கணக்குல அத காய வச்சு, தட்டையாக்கி, விரிசல் விட வச்சிடும், வெளிய இருந்து பாத்தா எதுவுமே தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னாடி போட்ட நம்பர், நாலு வருஷம் வியர்வை குடிச்ச ரப்பருக்குப் பொருந்தணும்னு இல்ல.

ரெண்டாவது க்ரௌன். எனக்கே நடந்திருக்கு, அவசரத்துல தேதி மாத்திட்டு க்ரௌன உள்ள அமுக்க மறந்துட்டு பாத்திரம் கழுவினேன், அரை மணி நேரத்துல ஆறாம் நம்பர் பக்கம் கண்ணாடில பனி மாதிரி படிஞ்சிடுச்சு, அந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல. இந்த ஓட்டைய அடைக்கறதுக்குத்தான் ரோலெக்ஸ் 1926ல ஆய்ஸ்டர்னு திருகி மூடற க்ரௌனோட வாட்ச் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷமே மெர்சிடிஸ் க்ளைட்ஸ்ங்கற நீச்சல் வீராங்கனை அத கழுத்துல மாட்டிக்கிட்டு ஆங்கிலக் கால்வாய்ல பத்து மணி நேரத்துக்கு மேல குளிர் தண்ணில கிடந்தாங்க, வாட்ச் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. உங்களோடது திருகற க்ரௌனா, வெறுமன அமுக்கறதான்னு பாருங்க. எதுவா இருந்தாலும் தண்ணிகிட்ட போறதுக்கு முன்னாடி விரலால ஒரு தடவ தொட்டுப் பாக்கறத பழக்கமாக்கிக்கோங்க, ஈரத்தோட அத இழுக்கவே கூடாது.

சுடுதண்ணிக் குளியல் மட்டும் வேணாம், அதுல உங்க பயம் சரிதான். சூட்டுல உலோகமும் ரப்பரும் வேற வேற அளவுல விரியும், சோப்பு கேஸ்கெட்டுக்கு ஆகாது, வெளிய வந்து சட்டுனு குளிரும்போது உள்ள இருக்கற காத்து சுருங்கி ஈரத்த உள்ள இழுக்கலாம். ஒரு தடவ குளிச்சதால கெட்டுப் போயிருக்கும்னு சொல்ல முடியாது, இவ்வளவு நாள்ல கண்ணாடிக்கு உள்பக்கம் பனி எதுவும் படியலேன்னா நல்ல அறிகுறி.

இருந்தாலும் இந்த வாரமே சர்வீஸ் சென்டருக்குப் போய் பிரஷர் டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லுங்க. வாட்சத் திறக்காம, தண்ணில போடாம, காத்து அழுத்தத்துல வாட்சோட வெளிக்கூடு எவ்வளவு அமுங்குது, எங்கயாவது கசியுதான்னு மெஷின் சொல்லிடும், சில நிமிஷ வேலை. வருஷத்துக்கு ஒரு தடவ இத பண்ணிட்டா நீங்க ராத்திரி எழுந்து பாக்க வேண்டியதில்ல. எந்தக் காரணத்துக்காகவும் பின் மூடியத் திறந்தா கேஸ்கெட்ட மாத்தச் சொல்லி, மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லி, பில்லுல எத்தன பார்னு எழுதி வாங்குங்க, வாயால சொன்னா போதாது. வாரண்டி இருக்கும்போது வெளிய எங்கயும் திறக்கக் குடுக்காதீங்க, அத வச்சே கிளெய்ம மறுக்கற கம்பெனிகள் இருக்கு.

ஒருவேளை உள்ள பனி படிஞ்சா அரிசிப் பானைல போடறது, ஹேர் ட்ரையர் காட்டறது எதுவும் வேணாம், அன்னைக்கே வாட்ச் மெக்கானிக்கிட்ட ஓடுங்க. தானா மறைஞ்சிடுச்சேன்னு விட்டுடாதீங்க, ஈரம் கண்ணாடியிலிருந்து மறைஞ்சா உள்ள இருக்கற எஃகு ஸ்க்ரூவுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் போயிருக்கலாம், துரு அங்கதான் ஆரம்பிக்கும். கடல் தண்ணின்னா இன்னும் வேகம்.

லெதர் ஸ்ட்ராப்னா, மழை நாள்ல வாட்சுக்கு முன்னாடி அதுதான் நாறிப் போகும், ஒரு ரப்பர் ஸ்ட்ராப் வாங்கி மாத்திக்கோங்க.