கை தூக்காத பிள்ளைகளிடம் கேள்வி கேட்பது எப்படி?

கேள்வி: குடியாத்தம் அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். எதைக் கேட்டாலும் முன்வரிசையில் நான்கைந்து பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பேனா, நோட்டு என்று பரிசு கொடுத்தும் பலனில்லை. இவர்களுக்கு ஆர்வம் வரவைப்பது எப்படி?

பதில்: ஆர்வத்தை அப்புறம் பார்ப்போம், டீச்சர். கை தூக்குகிறவரிடமே பதில் வாங்கினால் மற்றவர்களுக்கு யோசிக்கும் வேலையே இல்லை. தப்பாகச் சொல்லி நாலு பேர் சிரிப்பதைவிட வாய் மூடியிருப்பது மேல் என்று பதினான்கு வயதுப் பிள்ளை நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நிலையைத்தான் மாற்ற வேண்டும்.

அமெரிக்க வகுப்பறைகளில் நடந்த பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1974-இல் எழுதினார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன. படிப்பில் பின்தங்கியவர்களும் பேசத் தொடங்கினார்கள். கணிதத்துக்கு அதுவும் போதாது, அரை நிமிடமாவது கொடுங்கள்.

நாளைக்கே இதைச் செய்து பாருங்கள். கரும்பலகையில் −3² என்று எழுதி மதிப்பு கேளுங்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது, எல்லோரும் ரஃப் நோட்டில் எழுத வேண்டும். நீங்கள் வரிசைக்குள் நடந்து நோட்டுகளைப் பாருங்கள். 9, −9, −6 மூன்றும் இருக்கும். மூன்றையும் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். பிறகு ‘9 எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். ‘மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ்’ என்பார்கள். அப்போது பக்கத்திலேயே (−3)² எழுதுங்கள், வேறொன்றும் சொல்ல வேண்டாம். வர்க்கம் 3-க்கு மட்டுமா, மைனஸுக்கும் சேர்த்தா என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அத்தனையும் வீண்.

தப்பான விடைக்கு யாராவது சிரித்தால் பாடத்தை நிறுத்திக் கண்டியுங்கள். இதில் மட்டும் தயவு காட்டாதீர்கள்.

பரிசை நிறுத்திவிடலாம். வகுப்பறை முழுவதும் ஒரு பேனாவை நோக்கித் திரும்பிவிடுகிறது, கணக்கு பின்னுக்குப் போகிறது. அதற்குப் பதில், தறி ஓடும் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு லுங்கிக்கான நூல் செலவையும் விற்பனை விலையையும் வைத்து லாப சதவீதக் கணக்கு ஒன்றை அமைக்கச் சொல்லுங்கள். வகுப்பில் அவனுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. வீட்டு வருமானத்தை மட்டும் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள்.

ஒரு பாடவேளைக்கு இப்படி ஒரு கேள்வி போதும். முதல் இரண்டு வாரம் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும், மனம் தளராதீர்கள். பேசாத பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்ப நினைத்தால், அவள் நோட்டில் சரியான விடை இருப்பதை நடந்துவரும்போதே பார்த்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு எழுப்புங்கள்.