கால் சொல்லாததைக் கண் சொல்கிறது

கேள்வி: எனக்கு வயது 36. ஊர் அம்பாசமுத்திரம். ஐந்து ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு மருந்து எடுக்கிறேன். இடது கால் இழுக்கிறது. பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் பிசியோதெரபி செய்து திரும்பினாலே அன்றைய தெம்பு தீர்ந்துவிடுகிறது. தம்பி வி.ஆர். கண்ணாடி ஒன்று (கண்ணை முழுதாக மூடி, உள்ளே மாயக் காட்சி காட்டுவது) வாங்கி அனுப்பியிருக்கிறான். அதை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் எடுத்த எடுப்பில் நின்றுகொண்டு செய்ய வேண்டாம். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தடுமாறி எதையாவது பிடித்துக்கொள்கிறீர்களா? ஆற்றில் முங்கி எழும்போது சாய்கிறீர்களா? ஆம் என்றால், கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. உங்கள் நோயில், நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறையை அரித்துவிட்டதன் விளைவு இது. கால் சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்வதால்தான் நடமாடுகிறீர்கள். தம்பி அனுப்பிய கண்ணாடி அந்தக் கண்ணைத்தான் மறைக்கிறது. தெரிவது மாயப் பாதையானாலும் விழுவது சிமெண்ட் தரையில்தான்.

மாயக் காட்சியைப் பார்த்துச் செய்யும் இவ்வகைப் பயிற்சியால் சமநிலையும் நடையும் ஓரளவு தேறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பல, டி.வி. திரையைப் பார்த்து ஆடும் விளையாட்டுகளை வைத்துச் செய்யப்பட்டவை. அதில் சுற்றுப்புறம் கண்ணுக்குத் தெரியும். உங்களுக்கும் அதுவே முதல் படியாக இருக்கட்டும். கண்ணாடிதான் வேண்டுமென்றால், சுவரோரம் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம். குமட்டினால் கழற்றிவிடுங்கள். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்று நம் ஊர் வெயில். உடற்பயிற்சிக்குப் பிறகு இந்த நோயுள்ள சிலருக்குப் பார்வை மங்குவதை 1890இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்தார். உடல் சூடேறுவதே காரணம் என்பது பிறகு புரிந்தது. உறை தேய்ந்த நரம்பு, சூட்டில் செய்தி கடத்தத் திணறும். உடல் குளிர்ந்ததும் சரியாகும். ஆகவே சித்திரை, வைகாசியில் விடியற்காலையில், ஃபேனுக்கு அடியில், கழுத்தில் ஈரத்துண்டோடு செய்யுங்கள். குற்றாலச் சாரல் நம் பக்கம் எட்டிப் பார்க்கும் மாதங்களில் இவ்வளவு கெடுபிடி வேண்டாம். காய்ச்சல் இல்லாமலே புதிய பலவீனமோ மங்கலோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது வெயிலின் வேலை அல்ல; உடனே மருத்துவரிடம் போங்கள்.

பாளையங்கோட்டைப் பயணத்தைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். அடுத்த முறை கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு போய், பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை ஆடிக்காட்டுங்கள். எழுந்து நிற்கலாமா என்பதை உங்கள் காலைப் பார்த்து அவர் சொல்லட்டும்.