சரக்கு லாரி ஓட்டுநர் டேங்கருக்கு மாறலாமா? அந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா?

சாதாரண சரக்கு லாரி ஓட்டுகிறேன், டேங்கருக்கு மாறினால் சம்பளம் கூடும் என்கிறார்கள், நம்பிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடம் ஓட்டிய கை, இப்போதைய வருமானம் போதவில்லை, வீட்டில் பயப்படுகிறார்கள். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போகலாம். ஆனால் "எந்த லாரியானால் என்ன, ஸ்டியரிங் ஒன்றுதானே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் பல வருடமாக டேங்கர் ஓட்டுகிறேன், இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

இரும்போ மூட்டையோ என்றால் கயிறு போட்டு இறுக்கிவிடலாம். திரவத்தைக் கட்ட முடியாது. பிரேக் மிதித்து வண்டி நின்ற பிறகும் உள்ளே இருப்பது முன்னால் போய் மோதும், பின்னால் போகும், திரும்ப வரும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் நின்ற வண்டியையே அது சாலைச் சந்திப்புக்குள் தள்ளிவிடும். முழு லோடைவிடப் பாதி லோடுதான் மோசம், அலையடிக்க இடம் இருக்கிறது அல்லவா. எண்ணெய் டேங்கர்களில் இதற்காக ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் உள்ளே இருக்கும். பால் டேங்கர்களில் பெரும்பாலும் அதுவும் இருக்காது, ஏனென்றால் தகடு இருந்தால் மூலைமுடுக்கு கழுவ வராது. வளைவில் திரவம் வெளிப்பக்கச் சுவரில் ஏறி வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். அங்கே பலகையில் எழுதியிருக்கும் வேகம் கார்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து முடித்துவிட வேண்டும், உள்ளே போய் பிரேக் தேடக் கூடாது.

ஆனாலும் இந்த வேலையில் உங்கள் தரம் தெரிவது ஓட்டும்போது இல்லை, வண்டியை நிறுத்திய பிறகுதான். எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும்.

ஒரு பெட்ரோல் பங்கில் ராத்திரி லோடு இறக்கப் போயிருந்தேன். மேலாளர் கணினித் திரையைக் காட்டி, "தொட்டியில் இடம் இருக்கிறது, ஹோஸை மாட்டுங்கள்" என்றார். நான் முதலில் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் கிளிப்பை மாட்டினேன், அப்புறம் தொட்டியில் விட்டு அளவு பார்க்கும் கம்பியான டிப் ராடு கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. ராடில் பெட்ரோல் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவி, குழாயில் நேராக இறக்கி, அடியில் தட்டியதும் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், பேஸ்ட் நிறம் மாறிய கோடு திரை சொன்ன அளவைவிட ஒரு சாண் மேலே நிற்கிறது. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன். அதே கோடு. தொட்டியின் அளவு அட்டவணையை வைத்துப் பார்த்தால், என் டேங்கரின் அறையில் இருந்த பெட்ரோல் முழுவதையும் அந்தத் தொட்டி கொள்ளாது.

இறக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்து எனக்கு வந்தது: "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் அண்ணே, பழைய வாடிக்கையாளர்." எழுத்தில் அனுப்புங்கள், இறக்குகிறேன் என்றேன். அதற்கப்புறம் போன் வரவில்லை. விடியும்வரை வண்டியிலேயே கிடந்தேன். காலையில் வியாபாரம் நடந்து தொட்டி இறங்கிய பிறகுதான் ஹோஸை மாட்டினேன். பிறகு வந்து பார்த்த மெக்கானிக், அளவுமானியின் மிதவை சிக்கிக்கொண்டிருக்கிறது என்றார்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வழிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அன்றைக்கு அந்தப் பங்கில் வண்டிகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? "தாமத டெலிவரி" என்று ஒரு பதிவும், அந்த மாதப் படியில் பிடித்தமும். அது இன்னும் ஆறவில்லை.

எல்லா மேலாளர்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. தானே டிப் ராடோடு வந்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். என் வீரத்தைக் காட்ட எழுதியதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசரப்படுத்துகிறவர்கள் முன்னால் "முடியாது" என்று சொல்லத் தெரியாவிட்டால் இந்த வேலைக்கு வராதீர்கள் என்பதற்காகத்தான் சொன்னேன். 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் லாஸ் அல்ஃபாகெஸ் சுற்றுலா முகாம் அருகே புரொப்பிலீன் என்ற எரியும் வாயுவைத் திரவமாக ஏற்றிப்போன டேங்கர் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள், ஓட்டுநரும் போனார். ஏற்றிய இடத்திலேயே தாங்கும் அளவுக்கு மேல் நிரப்பியிருந்தார்கள். அழுத்தத்தை விடுவிக்கும் வால்வும் அந்த டேங்கில் கிடையாது.

இன்னொன்று, காலி டேங்கர் என்றால் அலட்சியம் வரும். திரவம் போனாலும் ஆவி உள்ளேயேதான் இருக்கும். எந்தச் சரக்கு ஏற்றிய டேங்காக இருந்தாலும், வாயுச் சோதனை இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். உள்ளே மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கி அடுத்தவரும் போன கதைகள் இந்தத் தொழிலில் நிறைய.

சரி, எதிர்காலம். மின்சார வண்டி வந்தால் பெட்ரோல் டேங்கர் குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பால், சமையல் எண்ணெய், அமிலம், தார், சமையல் எரிவாயு, திரவ நைட்ரஜன் எல்லாம் போக வேண்டுமே. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் டேங்கர் ஓட்டுநர் போதாமல் பங்குகளில் பெட்ரோல் தீர்ந்து, அக்டோபரில் ராணுவத்தினரை வைத்து டேங்கர் ஓட்டினார்கள். அதே வருடம் கொரோனா இரண்டாம் அலையில் இந்தியாவில் ஆக்சிஜன் கொண்டுபோக டேங்கர் பற்றாமல் நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களை மாற்றி ஓட்டினார்கள். தானாக ஓடும் லாரி வரும் என்கிறார்கள். வரட்டும். எர்த் கிளிப் மாட்டி, சரியான குழாயில் சரியான ஹோஸை மாட்டி, பெட்ரோலும் டீசலும் கலக்காமல் இறக்க அங்கே ஒரு ஆள் வேண்டும்.

முன்னேற நினைத்தால் சரக்கை மாற்றிக்கொண்டே போங்கள். எரிபொருளில் பழகி, ஆபத்தான சரக்குக்கான பயிற்சியும் உரிமமும் வாங்கி, ரசாயனத்துக்கோ மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவ ஆக்சிஜன் போன்றவற்றுக்கோ போகிறவருக்கு மதிப்பு தனி. அப்புறம் புதியவர்களைப் பழக்குவது, டெப்போவில் லோடிங் மேற்பார்வை, பாதுகாப்பு அதிகாரி என்று வழிகள் உண்டு. உடம்பு ஒத்துழைக்கும்போதே அதற்குத் தயாராகுங்கள். முதுகும் முட்டியும் ரொம்ப காலம் தாங்காது.

கேட்காததையும் சொல்கிறேன். டேங்கர் கவிழ்ந்தால் போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே வருகிறார்களே, அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானில் பகாவல்பூர் பக்கம் கவிழ்ந்த டேங்கரிலிருந்து வழிந்த பெட்ரோலைப் பிடிக்கக் கூடிய கூட்டத்தில் 200 பேருக்கு மேல் எரிந்து போனார்கள். வண்டியில் இருக்கும் அடையாளப் பலகையில் 1203 என்று இருந்தால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு. உலகம் முழுக்க ஒரே எண்தான். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? டேங்கர் முன்னால் குறுக்கே நுழைகிற கார்க்காரர்களைப் பற்றி ஆரம்பித்தால் இன்னொரு பதில் ஆகிவிடும்.

வேலைக்குப் போய்ப் பேசும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: லோடிங்குக்கும் அன்லோடிங்குக்கும் வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா? பாதுகாப்புக் காரணத்துக்காக இறக்க மறுத்தால் அந்தத் தாமதம் யார் கணக்கில் போகும்? முதல் கேள்விக்குப் பேரம் பேசுகிறவரிடம் நீங்களும் பேரம் பேசிப் பாருங்கள். இரண்டாவதற்கு மழுப்புகிறவரிடம் சேராதீர்கள், சம்பளம் கூடக் கொடுத்தாலும் சரி.